துவர்க்கும் பழமே எழுதும்

வாழைக்காய் நறுக்க உட்காருகிறவர்கள் முதலில் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். வாழைப்பூவை ஆய்ந்ததும் மோர் கலந்த தண்ணீரில் போட்டுவிடுவார்கள். நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மணையில் அரிந்து அப்படியே விட்டால் மணையின் வாயும் கறுக்கும், காயின் வெட்டுப்பட்ட முகமும் கறுக்கும். இந்தக் கறுப்போடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நிற்கிற நமக்கு, இதைக் கொண்டே எழுதலாம் என்று சட்டென்று தோன்றாது. பழத்திலிருந்து மை எடுக்கவேண்டும் என்றால் மனம் நேராக நாவல் பழத்திடம்தான் போகும். தின்றவர் நாக்கே அதற்குச் சாட்சி.

சரி, அதையே முதலில் செய்துவிடலாம். நாவல் மை எழுதும்; அழகாகவே எழுதும். ஆனால் நிற்காது. அது ஏன் நிற்பதில்லை, எது நிற்கும் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நமக்கு வேலை.

ஆனி, ஆடியில் தள்ளுவண்டிகளில் பழம் மலிந்து கிடக்கும்போது கால் கிலோ வாங்குங்கள். நசுங்கியதும் தோல் வெடித்ததும் மைக்குப் போதும், நல்லதைத் தின்றுவிடலாம். கொட்டையை எடுத்துத் தனியே வையுங்கள், எறிந்துவிடாதீர்கள், பிறகு வேண்டும். சதையையும் தோலையும் நன்றாகப் பிசைந்து, அரை டம்ளர் தண்ணீரும் ஒரு கரண்டி வினிகரும் விட்டு, கொதிக்க விடாமல் சிறு தீயில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது; சூடு அதைச் சாற்றுக்குள் இறக்குகிறது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிந்தால் கருஞ்சிவப்பாக ஒரு சாறு கிடைக்கும். இதில் ஒரு கரண்டி கருவேலம் பிசினைத் தூளாக்கிக் கரைக்கவேண்டும். பிசின் இல்லாத சாறு தாளில் தொட்ட இடத்திலிருந்து நார் நாராக ஓடிவிடும். பிசின் சாற்றைக் கொஞ்சம் கெட்டியாக்கி, எழுத்தின் விளிம்புக்குள் பிடித்து வைக்கிறது. எழுதுவதற்கு நாணல் தட்டையைச் சீவிய பேனாவோ, தொட்டு எழுதும் முள்ளோ, தூரிகையோ போதும். ஊற்றுப்பேனாவில் மட்டும் ஊற்றவேண்டாம். பழச்சாற்றில் மிஞ்சும் நுண்ணிய சதையும் பிசினும் அதன் நாக்கை அடைத்துவிடும்.

இப்போது எழுதுங்கள். சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு வரி, செய்தித்தாளின் ஓரத்தில் அதே வரி. காயும்வரை பாருங்கள். செய்தித்தாளில் சிவப்பு கலந்த ஊதாவாகவே நிற்கும் எழுத்து, வெள்ளைத் தாளில் நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவே ஏதோ ஒரு நிறத்துக்குப் போய்விடும். மை ஒன்றுதான், தாள்தான் வேறு. இன்றைய அச்சுத் தாள்களில் வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் மாவு, சேர்க்கிறார்கள். அது காரத்தன்மை உள்ளது. மலிவான செய்தித்தாளோ பெரும்பாலும் சற்று அமிலச் சாய்வுடையது. நாவல் பழம் தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது நுரை நீலம் பாரிப்பதும் இதே கதைதான்.

நாவலின் நிறம் ஆந்தோசயனின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கத்தரிக்காய்த் தோல், கறுப்புத் திராட்சை, மல்பெரி, சங்குப்பூ எல்லாம் இந்தக் குடும்பத்தின் வீடுகளே. அமிலத்தில் சிவப்பு, நடுநிலையை ஒட்டி ஊதா, காரம் ஏற ஏற நீலம். காரம் மிகுந்தால் மூலக்கூற்றின் நடு வளையமே திறந்து மஞ்சளாகிவிடும். ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், வயலெட் பூக்களின் பாகு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் எழுதி வைத்தார். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் அந்தப் பாகில் இருக்கிறது. நாம் சேர்த்த ஒரு கரண்டி வினிகர் வாசனைக்காக அல்ல. நிறத்தைச் சிவப்புப் பக்கம் இழுத்துப் பிடிக்க.

ஆனால் அமிலமும் காரமும் மட்டுமே நிறத்தைத் தீர்மானிக்கின்றன என்று நினைத்தால் ஒரு பெரிய வேதியியலாளர் நின்ற இடத்திலேயே நாமும் நின்றுவிடுவோம். ஜெர்மனியின் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1913-இல் நீலச் சோளப்பூவிலிருந்து நிறமியைப் பிரித்தெடுத்தார். ஐரோப்பாவில் தானிய வயல்களில் களையாக முளைக்கும் பூ அது. சில ஆண்டுகளில் சிவப்பு ரோஜாவிலும் அதே சயனிடின்தான் இருக்கிறது என்று தெரிந்தது. ஒரே பொருள் ஒரு பூவில் சிவப்பு, இன்னொன்றில் நீலம். ரோஜாவின் செல்சாறு அமிலம், சோளப்பூவினுடையது காரம் என்று அவர் விளக்கினார். தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்றவர் சொல்வதை யார் மறுப்பார்கள்? ஜப்பானில் கெய்ட்டா ஷிபாட்டாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1919-இல் மறுத்தார்கள். நீலத்துக்குக் காரணம் உலோகம் என்றார்கள். வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. கடைசியில் 2005-இல் சோளப்பூ நிறமியின் படிக அமைப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் கொண்டு படித்தபோது, ஆறு ஆந்தோசயனின் மூலக்கூறுகளும் ஆறு ஃபிளேவோன் மூலக்கூறுகளும் ஓர் இரும்பு அயனி, ஒரு மக்னீசிய அயனி, இரண்டு கால்சிய அயனிகளைச் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. உலோகம் பிடித்து வைத்த நீலம் அது.

மை தயாரிப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: நிறமியை நிறுத்தவேண்டுமானால் அதற்கு ஓர் உலோகத்தைக் கட்டிவிடு. வீட்டில் கையெட்டும் தூரத்தில் இருப்பது படிகாரம். அதிலுள்ள அலுமினியம், நிறமியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஹைட்ராக்சில் குழுக்களைப் பற்றிக்கொள்ளும். நாவலில் முக்கியமாக டெல்ஃபினிடின், பெட்டூனிடின், மால்விடின் என்ற மூன்று வகைகள் உண்டு. முதல் இரண்டில் அத்தகைய அடுத்தடுத்த குழுக்கள் இருக்கின்றன; மால்விடினில் இல்லை. ஆகவே நாவல் சாற்றில் ஒரு சிட்டிகை படிகாரத் தூள் போட்டால் நிறம் நீலம் பக்கம் நகரும், ஆனால் முழுவதும் நகராது. சாயத் தொழிலாளர்கள் துணிக்குப் படிகாரம் கட்டுவதும் இதற்காகவே.

இவ்வளவு செய்தும் வெயில் படும் இடத்தில் அந்தத் தாளை மாட்டினால் சில வாரங்களில் எழுத்து வெளிறிவிடும். நிறமியின் நடு வளையம் தண்ணீரையும் ஆக்சிஜனையும் ஒளியையும் தாங்காது; திறந்துகொண்டு நிறமில்லாத துண்டுகளாகிவிடும். பழத்துக்கு அதில் கவலை இல்லை. பறவை கண்டு தின்னும் வரைக்கும் நிறம் இருந்தால் அதற்குப் போதும்.

கொடிப்பசலைப் பழமும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் இதைவிடப் பளிச்சென்று எழுதும். வேலியோரப் பசலைப் பழத்தை நசுக்கி எழுதி விளையாடாத பிள்ளைகள் ஒரு காலத்தில் குறைவு. அந்த மெஜந்தா நிறம் ஆந்தோசயனின் அல்ல, பீட்டாலெயின். பீட்ரூட்டில் இருக்கும் வகை. ஒரே செடி இந்த இரண்டையும் சேர்த்துத் தயாரிப்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. எப்படியானாலும் சூடும் ஒளியும் பீட்டாலெயினுக்கும் ஆகாது. பசலை மையில் கடிதம் எழுதலாம், பத்திரம் எழுத முடியாது.

ஆக, கண்ணை நம்பிப் போனால் மை கிடைக்கும். நிலைக்கும் மை கிடைக்காது. நிலைக்கும் மை வேண்டுமானால் நாக்கைக் கேட்கவேண்டும்.

பழுக்காத வாழைக்காயைக் கடித்தால், கொட்டைப்பாக்கை மென்றால், மாதுளையின் உள்தோல் பல்லில் பட்டால் வாய் வறண்டு இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறதே, அதைத் துவர்ப்பு என்கிறோம். நம் அறுசுவையில் அது ஒன்று. ஆனால் இனிப்பையும் கசப்பையும் போல அதற்கென்று நாவில் உணர்மொட்டு இருப்பதாக இன்றைய உடலியல் பொதுவாக ஏற்பதில்லை. தொடுஉணர்வோடுதான் பெரும்பாலும் சேர்க்கிறது. எச்சிலில் வழுவழுப்பைத் தருவது சில புரதங்கள். காயிலுள்ள டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரித்துவிடுகிறது. வழுக்கல் போய் நாக்கு உரசத் தொடங்குகிறது. புரதத்தைப் பிடிக்கும் இந்தக் குணம்தான் டானினைத் தோல் பதனிடும் தொட்டிக்கும் கொண்டுபோனது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தமிழகத்துத் தோல் தொழிலில் நெடுங்காலம் வேலை செய்தன. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடுக்காய் ஐரோப்பியத் தோல் பட்டறைகளுக்காகக் கப்பலேறியது.

டானினின் கைகள் அடுத்தடுத்து நிற்கும் ஹைட்ராக்சில் குழுக்களே. அவை புரதத்தை மட்டும் அல்ல, இரும்பையும் விடமாட்டா. பிடித்ததும் கறுக்கும். அரிவாள்மணையில் நெல்லிக்காய் கறுப்பதன் ரகசியம் இது. வாழைக்காயில் இதோடு ஒரு நொதியின் வேலையும் சேர்ந்துகொள்கிறது: காற்றுப் பட்டதும் அது பீனால்களை ஆக்சிஜனேற்றிப் பழுப்பாக்குகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியின் வேகத்தைத் தணிக்கிறது.

எனவே எந்தப் பழம் மைக்கு ஆகும் என்று அறிய ஓர் எளிய சோதனை. நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி கேளுங்கள். வெளிர்பச்சைப் படிகமாகத் தருவார்கள். அது இரும்பு சல்ஃபேட். மஞ்சளாகப் பூத்துப்போன சரக்கு பழையது, காற்றில் ஆக்சிஜனேறியது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, வெட்டிய காய்கனிகள்மேல் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். எலுமிச்சையும் தக்காளியும் அசையா. கொய்யாப் பிஞ்சு கறுக்கும். நெல்லி, மாதுளைத் தோல், வாழைக்காய் எல்லாம் கறுக்கும். உற்றுப் பார்த்தால் கறுப்பிலும் இரண்டு சாதி: நெல்லியிலும் கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் நீலம் கலந்த கறுப்பு, வாழைக்காயில் பச்சை கலந்த கறுப்பு. முதல் வகை டானின் தண்ணீரில் சிதைந்து கேலிக் அமிலம் போன்றவற்றைத் தரும். இரண்டாவது வகை சங்கிலியாகக் கோத்துக்கொண்டது, எளிதில் சிதையாது. தாவர வேதியியல் ஆய்வகங்களில் இன்றும் இந்த நிறவேற்றுமையை முதற்கட்டச் சோதனையாக வைத்திருக்கிறார்கள். மைக்கு நீலக்கறுப்பே மேல். அன்னபேதி சொட்டிய எதையும் வாயில் வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுக்கிற இடத்தில் படிகத்தை வைக்காதீர்கள். இரும்பு உப்பு சிறு குழந்தைக்கு நஞ்சு.

நம்மூர்ப் பழங்களில் இந்தச் சோதனையில் முதலிடம் கடுக்காய்க்கு. உலர்ந்த கடுக்காய்த் தோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின். மேற்கே இதே வேலையைச் செய்தது மாசிக்காய். ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, மரம் அந்த இடத்தில் உருட்டிவைக்கும் புடைப்பு அது, பழமே அல்ல. அதையும் இரும்பு உப்பையும் சேர்த்த மையே ஐரோப்பாவின் ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட எழுத்தைச் சுமந்தது. நான்காம் நூற்றாண்டின் சினாயிட்டிக்கஸ் என்ற கிரேக்க விவிலியப் பிரதியிலும் இந்த மைதான், 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலும் இந்த மைதான். கிறித்துவுக்குப் பிந்திய முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, இரும்பு கலந்த போலிச் செம்புப் பச்சையைப் பிடிக்க ஒரு வழி எழுதினார்: மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரஸ் தாளில் அதைத் தடவு, கறுத்தால் கலப்படம். உலகின் மிகப் பழைய சோதனைத் தாள்களில் ஒன்று.

தமிழ் எழுத்துக்கு இந்தத் தேவை அப்போது இல்லை. பனையோலையில் எழுத்தாணி பள்ளம் கீறிவிடும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் கரி பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். கரிக்கு வெயிலும் ஒன்று, நிழலும் ஒன்று. துணிக்கும் தாளுக்கும் அந்தப் பள்ளம் கிடையாது. மை நாருக்குள் இறங்கவேண்டும், இறங்கியபின் கரையக்கூடாது. ஒரே பொருளிடம் இந்த இரண்டையும் எதிர்பார்ப்பது முரண்தான். அந்த முரணை இரும்பு மை தீர்க்கும் விதம் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரங்களில் ஒன்று. அன்னபேதியில் இருப்பது இரண்டு மின்னூட்டம் கொண்ட இரும்பு. அது டானினோடு சேர்ந்தால் வெளிறிய, கரையும் பொருளாக இருக்கும். எளிதில் நாருக்குள் இறங்கும். இறங்கிய பிறகு காற்றின் ஆக்சிஜன் இரும்பை மூன்று மின்னூட்டத்துக்கு ஏற்றுகிறது. அப்போதுதான் கறுப்பு பிறக்கிறது. அது தண்ணீரில் கரையாது. எழுதும்போது மங்கலாக இருந்த வரி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும்.

கடுக்காய் மைக்கு அளவு சொல்கிறேன். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 40 கிராம். ஒன்றிரண்டாக இடித்து 300 மில்லி தண்ணீரில் இரவு முழுவதும் ஊறட்டும். மறுநாள் சிறு தீயில் அரை மணி நேரம் காய்ச்சி, துணியில் இருமுறை வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், சட்டியே மையாகிவிடும். தேநீர் நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். 5 கிராம் அன்னபேதியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து இதில் ஊற்றினால் கண்முன்னே நீலக்கறுப்பாகும். 10 கிராம் பிசினையும் நான்கு கிராம்பையும் போட்டு, மூடிய கண்ணாடிப் புட்டியில் சில நாள் வைத்திருந்து, தெளிந்ததை எடுத்து எழுதுங்கள். கிராம்பிலுள்ள யூஜினால் பூஞ்சையைத் தள்ளி வைக்கும்.

அன்னபேதி ஏன் 5 கிராம்தான்? கறுப்பு போதவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். பழைய ஐரோப்பியக் குறிப்புகள் பலவும் அப்படித்தான் அள்ளிப்போட்டன. அதன் விளைவு நூலகங்களில் தெரிகிறது: எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை. இசையமைப்பாளர் பாக் கைப்பட எழுதிய இசைத்தாள்கள், பெர்லினில் உள்ளவை, இப்படி அரிக்கப்பட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பலப்படுத்தவேண்டிய நிலைக்கு வந்தன. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலனில் 1898-இலேயே இதற்காக நூலகர்களின் பன்னாட்டு மாநாடு கூடிற்று. குற்றவாளிகள் இருவர். இரும்பு டானினோடு சேரும்போது வெளியேறும் கந்தக அமிலம் தாளின் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டுகிறது. டானினுக்குக் கிடைக்காமல் மிஞ்சிய இரும்பு, ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு அதே சங்கிலியை வேறு வழியில் எரிக்கிறது. நெதர்லாந்தின் யோஹன் நேவெல் 1990-களில் இதைக் கணக்கிட்டார்: ஒரு டானிக் அமில மூலக்கூறு சுமார் 3.67 இரும்பு அயனிகளைக் கட்டிப்போடும். எடைக்கு மாற்றினால் 10 கிராம் டானினுக்கு 6 கிராம் அன்னபேதி. நம் 40 கிராம் கடுக்காயில் டானின் 12 கிராம் இருந்தாலும் அத்தனையும் சாற்றில் இறங்காது. கடுக்காயின் டானினும் ஆய்வகத்து டானிக் அமிலமும் ஒன்றல்ல. எனவே 7-க்குப் பதில் 5. கொஞ்சம் டானின் மிஞ்சினால் எழுத்து பழுப்பாகும், அவ்வளவே. இரும்பு மிஞ்சினால் தாள் போய்விடும். மிஞ்சிய இரும்பைப் பிடிக்க நேவெல் கண்டுபிடித்த மருந்தின் மூலப்பொருள் பைட்டிக் அமிலம். தானியத் தவிட்டிலும் விதைகளிலும் இருப்பது.

அன்னபேதியே வேண்டாம் என்பவர்களுக்கு வழி காட்டுகிறவர்கள் கலம்காரி ஓவியர்கள். கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் சில குடும்பங்கள் துணியில் கலத்தால் வரையும் இந்த ஓவியத்தைச் செய்கின்றன. கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கலம்காரியில் இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க விடுவார்கள். ஈஸ்டு வெல்லத்தைச் சாராயமாக்க, பாக்டீரியா சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்க, அமிலம் இரும்பைக் கரைக்கிறது. கந்தக அமிலத்தின் அரிப்பு இதில் கிடையாது. துணியோ முன்பே கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைத்தது. பாலின் கொழுப்பு கோடு பரவாமல் பார்த்துக்கொள்ளும். அந்தத் துணியில் மூங்கில் கலம் பட்ட இடமெல்லாம் கறுக்கத் தொடங்கும். மை புட்டியில் உருவாகவில்லை, துணியின்மேல் உருவாகிறது! வீட்டில் வினிகரில் இரும்பு ஆணிகளை ஒரு வாரம் போட்டுவைத்தால் இதற்கு ஏறக்குறைய நிகரான கரைசல் கிடைக்கும். ஆணி சாதாரண இரும்பாக இருக்கவேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எத்தனை நாள் ஊறினாலும் சிரித்துக்கொண்டு கிடக்கும். புட்டியை இறுக மூடாதீர்கள்: இரும்பும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும்.

கடுக்காய் நாவலை வெல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதில் சர்க்கரை குறைவு. நாவல் சாற்றிலுள்ள குளுக்கோசும் ஃபிரக்டோசும் காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சென்னையின் ஐப்பசியில் நாவல் மையில் எழுதிய நோட்டின் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், எறும்பு வரும், புட்டியில் பூஞ்சை படரும். இனிப்பு மைக்குப் பகை.

புளிப்பு வேறு மாதிரி. அது நிறமில்லாமல் எழுதும். எலுமிச்சைச் சாற்றில் எழுதிக் காயவைத்து, தாளை விளக்கின் சூட்டில் காட்டினால் எழுத்து பழுப்பாகத் தெரியும். அமிலம் பட்ட நாரும் சாற்றின் சர்க்கரையும் மற்ற இடத்துக்கு முன்பே கருகிவிடுகின்றன. எல்லாப் பிள்ளைகளும் செய்கிற விளையாட்டு, ஆனால் இதில் உயிரே போயிருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக உளவு பார்த்த கார்ல் முல்லர், கைதானபோது அவரிடம் கிடைத்த எலுமிச்சையே சாட்சியாகி, 1915 ஜூன் 23-இல் லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கோபுரத்தில் 1597-இல் சிறையிருந்த ஜான் ஜெரார்டு என்ற பாதிரியாரோ ஆரஞ்சுச் சாற்றில் வெளியே கடிதம் எழுதி, கயிறு ஏற்பாடு செய்து தப்பியே போனார். எலுமிச்சையை விட்டு ஆரஞ்சை ஏன் எடுத்தார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். எலுமிச்சை எழுத்தைத் தண்ணீரில் நனைத்தாலும் படிக்கலாம், காய்ந்ததும் மறைந்துவிடும். நடுவில் யாராவது படித்தாலும் தெரியாது. ஆரஞ்சு எழுத்து சூட்டில் மட்டுமே வெளிவரும், வந்தால் மறையாது. பிறர் பார்த்த கடிதம் என்று பெறுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

புளிப்பு அழிக்கவும் செய்யும். கடுக்காய் மை சட்டையில் பட்டுவிட்டால் சோப்பு தோற்கும். பிலிம்பிக் காயை வெட்டித் தேய்த்தால் கறை இளகும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் டானினிடமிருந்து இரும்பைப் பறித்துக் கரையவைக்கிறது. துருக்கறைக்கும் இதே வைத்தியம். பிறகு நிறையத் தண்ணீரில் அலசவேண்டும்.

அலசினாலும் தேய்த்தாலும் எதற்கும் மசியாத பழ மை ஒன்று உண்டு. அதை வீட்டில் தொடவேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன். சலவைத் தொழிலாளர்கள் துணிகளில் குறி போடுவதற்குப் பயன்படுத்திய சேங்கொட்டை, மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவுக்காரன். அதன் தோட்டிலுள்ள எண்ணெய் சுண்ணாம்போடு சேர்ந்து காற்றுப் பட்டதும் கறுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணி கிழியும்வரை கிடக்கும். தோலில் பட்டால் கொப்புளம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்க வீரர்களுக்குக் கழுத்துப் பட்டையின் குறி இருந்த இடத்தில் சரும அழற்சி வந்ததை 1943-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் எடுத்துவைத்த நாவல் கொட்டைக்கு வருவோம். காயவைத்து இடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள்: துவர்ப்பு. கொட்டையிலும் கேலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் சார்ந்த டானின்கள் உண்டு. அந்தத் தூளைத் தண்ணீரில் காய்ச்சி, முன்பு எடுத்த நாவல் சாற்றில் பாதியோடு கலந்து, ஒரு சிட்டிகை அன்னபேதி சேர்த்தால் ஊதா கலந்த கறுப்பில் மூன்றாவது மை கிடைக்கும்.

இப்போது ஒரே தாளில் நான்கு கோடுகள் இழுங்கள்: பசலை, நாவல், கொட்டையும் அன்னபேதியும் சேர்ந்த நாவல், கடுக்காய். தாளை நடுவில் வெட்டி ஒரு பாதியைப் புத்தகத்துக்குள் வையுங்கள், மறு பாதியை வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். அவ்வப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பசலை முதலில் கழன்றுகொள்ளும், பின்னாலேயே நாவல். கடுக்காய்க் கோடு இரண்டு பாதியிலும் கறுப்பாகவே இருக்கும். மூன்றாவது கோட்டில் ஊதா போய், அடியில் பழுப்பு ஏறிய கறுப்பு மட்டும் மிஞ்சும். அது கொட்டையின் பங்கு.